மொசலுக்கு பிராண்டு தெரியாது

வா அப்பு, உக்காரு. மொதல்ல அந்த மூட்டையை எறக்கி வை. முதுகுல இருக்கிறது பையா, இல்ல வீட்டையே பேத்துத் தூக்கிட்டு வந்துட்டியா?

எந்தத் துப்பாக்கி நல்லது, எந்த வில்லு நல்லது, காட்டுக்குப் போக எந்தச் செருப்பு தோதுன்னு எங்கிட்டக் கேக்க வந்திருக்க. கேளு. ஆனா ஒண்ணு. நான் வேட்டைக்குப் போனதெல்லாம் எளவட்டத்துல. 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. சட்டம் டெல்லியிலருந்து நம்ம ஊருக்கு வந்து சேரக் கொஞ்ச நாளாச்சு. அது வேற கதை, அதைக் கிண்டாத. வந்து சேந்ததும் வேட்டைக்கம்பை மூலையில சாத்தியாச்சு. அதனால நான் இப்பச் சொல்லப்போறது வேட்டைக்கு வழி இல்ல. வேட்டைக்காரன் வேசம் கட்டுற உனக்குப் புத்தி.

வேட்டையில மொதப் பாடம் என்ன தெரியுமா? கண்ணுல படாம இருக்கிறது. சத்தம் காட்டக் கூடாது, வாடை காட்டக் கூடாது, நெழலைக்கூடக் காட்டக் கூடாது. நீ வாங்கிக் குவிச்சிருக்கிற சாமானெல்லாம் எதுக்கு? நாலு பேரு கண்ணுல படுறதுக்கு. உனக்கும் எனக்கும் வழக்கே இதுதான். ஒவ்வொண்ணா அவுத்துப் பாப்போமா?

மொதல்ல சட்டை. எலையும் சருகுமா அச்சடிச்ச மிலிட்டரிச் சட்டை. என்ன வெலைன்னு சொல்லாத, எனக்கு மயக்கம் வரும். இதைப் போட்டுட்டா மானுக்குத் தெரிய மாட்டியாக்கும்? அட, மானுக்குச் செவப்பையும் பச்சையையும் பிரிச்சுப் பாக்கவே வராதுப்பா. நம்ம கண்ணுக்குள்ள நெறம் பிடிக்கிற அணு மூணு வகை. அதுக்கு ரெண்டே வகைதான். அமெரிக்காவுல பல மாகாணத்துல துப்பாக்கியோட மான் வேட்டைக்குப் போறவன் பளீர்னு ஆரஞ்சு உடுப்புப் போட்டே ஆகணும்னு சட்டம் இருக்கு. எதுக்கு? இன்னொரு வேட்டைக்காரன் இவனை மான்னு நெனச்சுச் சுட்டுறக் கூடாதுன்னு! அந்த ஆரஞ்சு மனுசன் கண்ணைக் குத்தும். மான் கண்ணுக்கு மங்கலாத்தான் தெரியும்.

ஆனா நீலம் இருக்கே, அது மானுக்கு நல்லாத் தெரியும். நீ கீழ போட்டிருக்கிறது என்ன? நீல ஜீன்ஸ். மேல காடு, கீழ கடலா? அதோட விட்டியா? துணியைப் பளிச்சுன்னு காட்டச் சலவைத்தூள்ல ஒரு மருந்தைக் கலக்குறான். நமக்கு அது வெறும் வெளுப்பு. மான் கண்ணுக்கு மினுங்கும். உங்க ஆத்தா அந்தத் தூளைப் போட்டுத்தானே தொவைச்சுக் குடுத்திருக்கா? இனி நீ காட்டுக்குள்ள போனா டியூப்லைட்டு நடந்து போற மாதிரித்தான்.

அடுத்தது வாடை. கிளாம்பாக்கத்துல பஸ் ஏறயில அடிச்ச சென்ட்டு திருப்பத்தூரு வரைக்கும் உங்கூடவே வந்திருக்கு. இதுல உடம்பு வாடையை மறைக்கத் தெளிக்கிற புட்டி ஒண்ணு வேற வேணுங்கிற. வாடையை உறிஞ்சுறதுக்குன்னே கரி வச்சுத் தைச்ச சட்டை விக்கிறானாம். இன்னும் கேளு. கெடா மானை மயக்குறதுக்குப் பொட்டை மான் மூத்திரத்தையே புட்டியில அடைச்சு விக்கிறான் அந்தச் சீமையில. காசு குடுத்து மூத்திரம் வாங்குறவனைப் பாத்து மான் சிரிக்குமா சிரிக்காதா?

காத்து எங்கிட்டு அடிக்குதுன்னு பாக்கவும் ஒரு குப்பி. பிதுக்கினா மாவு பறக்குமாம். எலே, கீழ குனிஞ்சு ஒரு சிட்டிகை புழுதியை எடுத்து விட்டுப் பாரு. அது எங்கிட்டுச் சாயுதோ அங்கிட்டுத்தான் உன் வாடையும் போகும். காத்து மூஞ்சியில அடிக்கிற தெசையில நட. முடிஞ்சுது சோலி. புழுதிக்கு யாரும் இன்னும் பில்லு போடலை.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். எங்க காலத்துத் துப்பாக்கி வாய் வழியாக் கெட்டிக்கிறது. லைசென்ஸோட வச்சிருந்த பெரியவுக ஊருக்கு ஒருத்தரோ ரெண்டு பேரோதான். கரிமருந்தைக் குழல்ல கொட்டணும். நாரை உருட்டி வச்சுக் கம்பியால இடிக்கணும். அப்புறம் ரவையைப் போடணும். அதுக்கு மேல மறுபடியும் நாரு, மறுபடியும் இடி. கடைசியா கேப்பு மாட்டணும். இம்புட்டும் முடியறதுக்குள்ள மொசல் அடுத்த ஊருக்குப் போயி குட்டியும் போட்டுரும். சுட்டா ஒத்த வெடிதான். வெடிச்சதும் பொகை வந்து மூடிக்கும். பட்டுச்சா படலையான்னு பொகை கலைஞ்சாத்தான் தெரியும். மழை ஈரத்துல மருந்து நமுத்துப்போச்சுன்னா 'புஸ்'னு ஒரு சத்தம், வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அதனால என்ன ஆச்சு? சுடறதுக்கு முந்தி யோசிச்சாக. கிட்டப் போனாக. மூச்சை அடக்கினாக. 'சினையா இருக்கு, வேணாம்'னு குழலைத் தாழ்த்தினவுகளும் உண்டு. ஒத்த வெடி பெரிய வாத்தியாரப்பா. இப்ப உனக்கு நிமிசத்துக்கு எத்தனை குண்டு போகும், தூரத்தை எத்தனை மடங்கு கிட்டக் காட்டும்னுதான் கவலை. நம்ம நாட்டுல ஒரு ஆளு மூணு துப்பாக்கி வரைக்கும் வச்சுக்கலாம்னு இருந்துச்சு. 2019-ல அதை ரெண்டாக் கொறைச்சுட்டாகன்னு பொலம்புற. ரெண்டு எதுக்குடா? ஒத்தைக் கண்ணாலதானே குறி பாக்குற?

ஜிம் கார்பெட்டுன்னு ஒரு துரை இருந்தாரு. 1907-ல குமாவோன் மலையில சம்பாவத் ஆட்கொல்லியைச் சுட்டவரு. நேபாளத்துலயும் குமாவோன்லயுமாச் சேத்து 436 பேரை அந்தப் பொட்டைப் புலி கொன்னதாக் கணக்கு. நல்ல துப்பாக்கியோடதான் போனாரு. ஆனா எடுத்துட்டுப் போன தோட்டா மூணே மூணு. அடிபட்ட புலி எதுக்க நிக்குது, தோட்டா தீந்துபோச்சு. ஓடிப்போயி, கூட வந்த தாசில்தாரோட துப்பாக்கியைக் கடன் வாங்குனாரு. இருபதடி தூரத்துல நின்னு தூக்கிப் பாத்தா, குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவுல இடைவெளி பல்லைக் காட்டுது! வெடிச்சா யாரு மூஞ்சி போகும்னு தெரியாது. வேற வழி? தெறந்திருந்த வாயைக் குறி பாத்துச் சுட்டாரு. குண்டு வாயில படலை, முன்னங்கால்ல பட்டுச்சு. ஏற்கெனவே வாங்குன காயத்துல உசுரை விட்டுக்கிட்டிருந்த புலி அப்படியே சாஞ்சுருச்சு. இதை வேற யாரும் சொல்லலை, அவரே எழுதி வச்சிருக்காரு.

அவருக்குப் பேர்போன ரிக்பி ரைபிள் எப்பக் கெடைச்சுது தெரியுமா? அந்தப் புலியைக் கொன்னதுக்குப் பரிசா, அதுக்கப்புறம். வரிசையைப் பாத்தியா? மொதல்ல வேலை, அப்புறம் துப்பாக்கி. உனக்கு மொதல்ல துப்பாக்கி, அப்புறம் போட்டோ. வேலை எங்கடான்னு கேட்டா, வார ஞாயித்துக்கிழமை பாப்போம்ங்கிற.

ஏர் கன் வாங்கலாமாங்கிற. 4.5 மில்லிமீட்டர் குழலுக்கு மேல போகாம, 20 ஜூலுக்கு உள்ள விசையும் இருந்தா லைசென்ஸ் வேணாம்னு கடைக்காரன் சொல்லியிருப்பான். நெசந்தான். மிச்சத்தைச் சொன்னானா? துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ் வேணாம். அதை வச்சு ஒரு மைனாவையோ காடையையோ மொசலையோ அடிச்சுப் பாரு. மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு, 1 லட்ச ரூவா வரைக்கும் அபராதம். ஆசையா இருந்தா பழைய டப்பாவை அடுக்கி வச்சுச் சுடு. டப்பாவைக் காப்பாத்த இன்னும் சட்டம் வரலை.

அடுத்தது வில்லு. நீ படத்துல காட்டுனியே, காம்பவுண்டு வில்லு, மேலயும் கீழயும் உருளை, குறுக்கும் நெடுக்கும் கயிறு. கெணத்துல மாட்டினா ரெண்டு வாளி தண்ணி எறைச்சுரலாம் போல. கேலி கெடக்கட்டும், அது கெட்டிக்காரச் சங்கதிதான். அமெரிக்காவுல ஆலன்னு ஒருத்தரு 1966-ல காப்புரிமைக்கு எழுதிப் போட்டு 1969-ல வாங்குனாரு. சாதா வில்லை இழுக்க இழுக்கக் கனம் கூடிக்கிட்டே போகும். இதுல முழுசா இழுத்ததும் அந்த உருளை திரும்பிக் கனத்தை வாங்கிக்கும். 60 பவுண்டு வில்லை இழுத்துட்டு 12, 15 பவுண்டை மட்டும் தாங்கிக்கிட்டு நிதானமா நிக்கலாம். நிக்கலாம், சரி. உனக்கு நிக்கத் தெரியணுமே? போனைப் பாக்காம ஒரு நிமிசம் நின்னுருவியா நீ?

ராஜஸ்தான்ல லிம்பா ராம்னு ஒரு பழங்குடி வீட்டுப் பிள்ளை. மூங்கில் வில்லை வச்சுக் காட்டுல குருவியும் கவுதாரியும் அடிச்சுத் திரிஞ்சவரு. 1987-ல விளையாட்டு ஆணையத்துக்காரவுக தேர்ந்தெடுத்துக் கூட்டிட்டுப் போனாக. மறு வருசமே சியோல் ஒலிம்பிக்ல நின்னாரு. 1992-ல பெய்ஜிங்குல நடந்த ஆசியப் போட்டியில உலக சாதனையை எட்டிப் பிடிச்சாரு. நல்ல வில்லு அவருக்குப் பின்னாலதான் கெடைச்சுது. கண்ணு மூங்கில் காலத்துலயே வந்துருச்சு.

ஜம்மு பக்கத்துல ஷீத்தல் தேவின்னு ஒரு பொண்ணு. பொறப்புலயே ரெண்டு கையும் இல்ல. காலால வில்லைத் தூக்கிப் பிடிக்குது, தோளால நாணை இழுக்குது, தாடையால விடுது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்ல ராகேஷ் குமாரோட சேந்து வெண்கலம் வாங்குச்சு. அது பிடிச்சதும் இதே உருளை வச்ச வில்லுதான். ஆகக்கூடி வில்லு மேல எனக்கு எந்தப் பகையும் இல்ல. கை இல்லாத பிள்ளை நடுவட்டத்துல அடிக்குது. ரெண்டு கையும் உள்ள நீ, கையுறைக்கு எந்த நெறம் எடுப்பா இருக்கும்னு வாரக்கணக்கா ரோசிக்கிற. பகை அதுமேலதான்.

நம்ம சிவகங்கைச் சீமையில வளரி இருந்துச்சு. வளைஞ்ச கட்டை, சிலது இரும்பு. ஒரு முனை கனம், ஒரு முனை லேசு. லேசான முனையைப் பிடிச்சுத் தோளுக்கு மேல ஓங்கிச் சொழட்டி விட்டா ஓடுற காலை வாரிப் போட்டுரும். சின்ன மருது அதுல எமகாதகரு. ஜேம்ஸ் வெல்ஷுங்கிற கும்பினிப் படை அதிகாரிக்கு வளரி வீசக் கத்துக்குடுத்ததே அவருதான். வெல்ஷே இதைப் புத்தகத்துல எழுதியிருக்காரு. பாடம் படிச்ச மனுசன் 1801-ல மருதிருவரை எதுத்து வந்த படையிலயும் வந்தாரு. வித்தையைக் குடுத்தவரு பெரிய மனுசன். வாங்குனவரைப் பத்தி நான் என்னத்தைச் சொல்ல?

அந்த வளரியில பட்டன் இல்ல, பேட்டரி இல்ல, கம்பெனிப் பேரு இல்ல. இப்ப மியூசியத்துல கண்ணாடிக்குள்ள கெடக்கு. நீயும் போயி போட்டோ எடுத்து அனுப்பினியே, பாத்தேன். வளரி எங்கடா தெரியுது? உன் மண்டைதான் தெரியுது.

நாயும் ஒரு ஆயுதம்தான், தெரியுமா? சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பைன்னு நம்ம பக்கத்துச் சாதி ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி. சிப்பிப்பாறை ஒட்டுன வயிறும் நெட்டைக் காலுமா, கண்ணால பாத்து வெரட்டுற சாதி. நம்ம வெயிலுக்குன்னே பொறந்தது. நீங்க பட்டணத்துல என்ன வளக்குறீக? பனிக்கட்டியில வண்டி இழுக்குற ஹஸ்கி. அதுக்கு ஏசி ரூமு, பிறந்த நாளுக்குக் கேக்கு. அது மொசலைப் பாத்தா ஓடுமா, ஒதுங்குமா? வேட்டைக்குப் போற நேரத்துல நாய்க்கு வெளிக்கு வந்துச்சாம்னு சொல்லுவாக. உன் நாய்க்கு அப்ப செல்பி வரும்.

இப்ப மூட்டை. மடக்கு நாற்காலி. ஊதுற மெத்தை. தண்ணி சுத்தம் பண்ணுற குழாய். வழி காட்டுற கடிகாரம். அதுக்குச் சார்ச்சு ஏத்த ஒரு டப்பா, அந்த டப்பாவுக்குச் சார்ச்சு ஏத்த வெயில்ல விரிக்கிற ஒரு தகடு. இது என்ன, வெள்ளித்தாள்ல சுத்தினது? எனர்ஜி பாரா? கடிச்சுப் பாப்போம். கடலை, வெல்லப்பாகு. இதைத்தான்டா கோவில்பட்டியில கடலைமிட்டாய்ங்கிறாக. 2020-ல புவிசார் குறியீடு வாங்கிக் கெத்தா நிக்குது. அதுக்கு இங்கிலீசுல பேரு வச்சா உனக்குக் கூடுதலா நாலு மலை ஏற முடியுதாக்கும்?

அதுக்காக, 'அந்தக் காலத்துல நாங்க வெறுங்கால்லயே காட்டை அளந்தோம்'னு மீசையை முறுக்குற கெழவனுகளையும் நம்பிராத. அது வீரம் இல்லப்பா. செருப்பு வாங்கக் காசு இல்ல. ராத்திரியில கட்டுவிரியன் திரியும். இந்தக் காஞ்ச பூமியில சுருட்டைவிரியன் கல்லுக்கடியில படுத்திருக்கும். அதுக்கு உன் தாத்தன் வீரம் தெரியுமா? கணுக்காலை மூடுற செருப்பு, நல்ல டார்ச்சு, கையில ஒரு கம்பு. இந்த மூணையும் வாங்கு, எவன் கேலி பண்ணினாலும் வாங்கு. தரையைத் தட்டிக்கிட்டே நட. ஒருவேளை கடிச்சுருச்சுன்னா கீறாத, உறிஞ்சாத, இறுக்கிக் கட்டாத, வேரு தேடி ஓடாத. கடிபட்ட காலை அசைக்காம நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லு. விசத்தை முறிக்கிற ஊசி அங்கதான் இருக்கு. மூட்டையில மிச்சமுள்ளதைக் கடைக்காரன்கிட்டயே குடுத்துரு, அவன் புள்ளைக பொழைக்கட்டும்.

மலை ஏறணும்னு ஆசையா இருந்தா முறையாப் போ. அரசாங்கமே 2024-ல ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாதையைத் தெறந்து விட்டுருக்கு. வழி காட்ட அந்தந்த மலையில பொறந்து வளந்த பிள்ளைகளையே வச்சிருக்காக. போனா மலையைப் பாக்குறதுக்கு முந்தி அந்தப் பிள்ளையைப் பாரு. எந்த எடத்துல நிக்குது, எங்க மூக்கை உறிஞ்சுது, எப்பக் கையைக் காட்டிப் பேச்சை நிறுத்தச் சொல்லுது? யானை வாடை அதுக்குத் தெரியும். உன் கடிகாரத்துக்குத் தெரியாது. உன் கடிகாரம் நீ எத்தனை எட்டு நடந்தன்னு எண்ணும். யானை வெரட்டுனா அப்பவும் எண்ணும்.

இன்னொரு கூட்டம் இருக்கு, அதையும் சொல்லணும். தின்னுற பண்டத்துக்குள்ள வெடியை வச்சு அவுட்டுக்காய் போடுற கூட்டம். பன்னிக்குன்னு வச்சதை யானை கடிச்சுரும். வாய் கிழிஞ்சு, தின்ன முடியாம, பட்டினி கெடந்து சாகும். வேலியில கரண்டு வச்சுட்டு வீட்டுல போயித் தூங்குறவனும் இருக்கான். இவனுகளை வேட்டைக்காரன்னு சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். எதுக்க நின்னு கண்ணைப் பாக்கத் துணிச்சல் இல்லாத பயலுக்கு என்ன வேட்டை?

நெசமான வேட்டைக்காரனைப் பாக்கணுமா? தூரம் போக வேணாம். இந்தா இருக்கு கொள்ளுக்குடிப்பட்டியும் வேட்டங்குடிப்பட்டியும். கம்மாயில நத்தைகுத்தி நாரையும் கொக்கும் நீர்க்காகமும் வந்து கூடு கட்டும். 1977-ல அதைச் சரணாலயமா அறிவிச்சாக. அந்த ஊர்க்காரவுக தீவாளிக்கு வெடி போடுறதில்ல. குஞ்சு பொரிச்ச பறவை பதறிப்போகும்னு காலகாலமா அப்படி. பெரியவுக இருந்துருவாக, அது பெருசில்ல. டவுசர் போட்ட பொடியனும் வெடி கேக்காம இருக்கான் பாரு! பக்கத்து ஊர்ல சரம் சரமா வெடிக்குது, இவன் கையைக் கட்டிக்கிட்டு நிக்குறான். அந்தப் பொடியனுக்கு உன் சட்டையைக் குடுத்தாத் தகும். நீ அங்க போனா தயவுசெஞ்சு ட்ரோனு விட்டுறாத.

கடைசியா என்ன வாங்கலாம்னுதானே கேக்குற? ஒண்ணும் வாங்காம ஒரு நாள் இருந்து பாரு. கருக்கல்ல எந்திரி. சென்ட்டு போடாத. சாயம் போன பழுப்புச் சட்டை எதாவது பொட்டியில கெடந்தா எடுத்துப் போட்டுக்க. கம்மாக்கரையில காத்து மூஞ்சியில அடிக்கிற பக்கமாப் பாத்து உக்காரு. போனை வீட்டுல வச்சுட்டு வா. கொசு கடிக்கும், அடிக்காத. காலு மரத்துப்போகும், நீட்டாத. செத்த நேரத்துல கவுதாரி சத்தம் குடுக்கும். கீரி குறுக்க ஓடும். வரப்போரத்துல மொசல் வந்து நின்னு, காதைத் தூக்கிப் பாத்துட்டு, உன்னை ஒரு ஆளாவே மதிக்காம மேயும். அப்படி அது மதிக்கலைன்னா நீ செயிச்சுட்டன்னு அர்த்தம். வேட்டை அம்புட்டுதான்டா. அதுக்கு மேல உள்ளதெல்லாம் கறிக்கொழம்பு.

என்ன முழிக்கிற? 'போன் இல்லாட்டி நான் போனதுக்கு என்ன தாத்தா சாட்சி?'ன்னா? வந்துட்டான்யா பேரன்! அந்தக் கேள்வி உன் வாயில வராத அன்னைக்குத் திரும்பி வா. நல்ல டார்ச்சாப் பாத்து நானே ஒண்ணு வாங்கித் தாரேன்.

பேட்டரி மட்டும் உன் காசு.